ஒரு கிலோ நானூறு

செவ்வாய் இரவு

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

இங்கே நான், பட்டாணி, உங்கள் அக்கா மூவரும் சுகம். கத்திக்குத்தான் சுகமில்லை.

நேற்று மதியம் பார்சல் வந்தது. இந்த முறையும் உங்கள் பழைய சட்டையில் சுற்றித்தான் அனுப்பியிருக்கிறீர்கள். பட்டறையில் எல்லோர் முன்னாலும் அந்தத் தோலுரிக்கும் மெஷின் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டையை மட்டும் மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். துவைக்கிறேன் துவைக்கிறேன் என்று உங்கள் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொழுப்பு வாடைதான் அடிக்கிறது. பரவாயில்லை, அதற்கு அடியில் நீங்கள் போடும் சோப்பு வாசனையும் கொஞ்சம் இருக்கிறது.

கத்தியின் கியர் பெட்டியைத் திறந்தேன். மறுபடியும் அதே சீக்கு. உள்ளே வைத்த கிரீஸ் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். தண்ணீர் புகாமலிருக்க மூன்றாவது ரப்பர் சீலும் போட்டாயிற்று, இனி எறும்புகூட நுழையாது என்று போன தடவை மார்தட்டினேன் இல்லையா? எறும்பு நுழையவில்லைதான். தண்ணீர் நுழைந்திருக்கிறது.

நம் முதலாளி 'அவசரம்' வந்து எட்டிப் பார்த்தார். (இந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்குப் போய்விட்டது. அதற்கும் கோபப்பட நேரமில்லை அவருக்கு.) நீங்கள் இருக்கிற அந்த இறைச்சி ஆலைக்காரர்கள் சொன்னதையே திரும்பச் சொன்னார். ஒரு கத்தி ஒரு மாதம் முழுக்கத் திறக்காமல் ஓடவேண்டும், ஓடிவிட்டால் ஆர்டர் நமக்கு, அன்றைக்கே உங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வாராம். பிறகு, ஒரு கிலோ நானூறு கனக்கிறதே, ஒரு கிலோவாக இளைக்க வைக்க முடியாதா என்றார். நாள் முழுக்கத் தூக்குகிறவர்கள் கை எனக்கும் ஞாபகம் இருக்கிறது சார், ஆனால் இதற்குமேல் இளைத்தால் தலை விரிசல் விட்டுவிடும் என்றேன். முறைத்தார். போய்விட்டார்.

நீங்கள் போன கடிதத்தில் எழுதியிருந்தது எனக்கு ஆறுதல். மணிக்கட்டு வரை கொழுப்பு, காலடியெல்லாம் தண்ணீர், இருந்தும் ஒரு நாள்கூடக் கத்தி உங்கள் கையிலிருந்து நழுவியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் நான் போட்ட வரிகளுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதற்கும் பாராட்டு வராத வீட்டில் இதுவாவது வரட்டும். ஒவ்வொரு மாடு முடிந்ததும் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கும்போது சோடா மாதிரி பொங்குகிறது, குடித்துப் பார்க்கலாமா என்று கேலி செய்திருந்தீர்கள். அதையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஆபத்தானதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவான், பயப்படுவதை மட்டும் சொல்லவே மாட்டான் என்றார்.

பட்டாணி இன்னும் குப்புற விழவில்லை. டாக்டரிடம் கேட்டால், பிறந்த நாளிலிருந்து எண்ணாதேம்மா, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணு என்கிறார். எண்ணத்தான் முடிகிறதே தவிரத் தூங்க முடியவில்லை. பாட்டில், மூடி, கரண்டி எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ பிள்ளை வளர்க்கிறாயா, ஆபரேஷன் தியேட்டர் நடத்துகிறாயா என்று அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்கிறார்.

டாக்டர் அறையில் இருந்த நர்ஸ், அப்பா எங்கே, என்ன வேலை என்று விசாரித்தார். மாட்டுத்தோல் உரிக்கிற கத்தி, காற்றில் ஓடும், பல் வைத்த இரண்டு வட்டத் தகடு எதிரும் புதிருமாக ஆடும், தோலில் ஒரு கீறல் விழாமல் சதையிலிருந்து பிரித்துவிடும், வடிவம் நான் போட்டது, பூட்டி ஓட்டிப் பார்ப்பது அவர் என்று முழுக்கச் சொன்னேன். நர்ஸ் பட்டாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

போனில் பேரிங் பற்றி நிறையப் பேசினோம். பட்டாணி பற்றிப் பேசுவதற்குள் லைன் போய்விட்டது. அங்கே சிக்னல் சரியில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் கத்திப் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் இப்படிக் கடிதம் வைக்கிறேன். பெட்டியைத் திறக்காமல் இருக்க மாட்டீர்கள் அல்லவா?

புதுப் பேரிங், புது சீல் போட்டிருக்கிறேன். பார்த்து ஓட்டுங்கள்.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


வெள்ளி, எல்லோரும் படுத்த பிறகு

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. கத்திக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது செய்தி, வைத்தியம் பார்த்த டாக்டர் உங்கள் மகள்.

புதன்கிழமை காலை. அவள் பசியில் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். நான் கொதித்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, கிருமி புகுந்துவிடக்கூடாதே என்று சூடு ஆறுமுன்னே மூடியை இறுக்கித் திருகி வைத்திருந்தேன். ஆறிய பிறகு எடுத்தால் மேலே இருந்த ரப்பர் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, சப்பிப்போய்க் கிடக்கிறது. காம்பின் ஓட்டையில் சொருகும் அடைப்பானையும் வைத்திருந்தேன். மூடியைத் தளர்த்தினேன். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போய்க் காம்பு டக்கென்று எழுந்து நின்றது. அழுதுகொண்டிருந்தவள் அந்தச் சத்தத்துக்குத் திகைத்து நிறுத்தினாள். நானும் திகைத்தேன். உங்கள் சோடா ஞாபகம் வந்துவிட்டது!

புரிகிறதா? சுடுதண்ணீரில் நீங்கள் பார்த்த குமிழ் காற்றுக்குழாயிலிருந்து கசிந்தது இல்லை. கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கியதும் கியர் பெட்டிக்குள் இருக்கிற காற்று விரிந்து, சீலைத் தாண்டிக் குமிழ் குமிழாக வெளியே போகிறது. எடுத்து அந்தக் குளிர்ந்த கூடத்தில் பிடித்ததும் உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கினால் உறிஞ்சும். சீல் ஓரத்தில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் உறிஞ்சும். தண்ணீர், கொழுப்பு, எல்லாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு மடக்கு. நாம் மூன்று சீல் போட்டு இறுக்க இறுக்க, பட்டினி கிடந்தவன் மாதிரி இன்னும் வேகமாக உறிஞ்சியிருக்கிறது. வெளியேயிருந்து தண்ணீர் வந்து முட்டுகிறது என்றே இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். கத்தியேதான் குடித்திருக்கிறது.

நல்லவேளை, செவ்வாயன்று கட்டிய பெட்டி இன்னும் கிளம்பவில்லை, ஆகவே அதைப் பிரித்து மூன்றாவது சீலைக் கழற்றிப் போட்டுவிட்டேன். மோட்டாரை ஓட்டிவிட்டு வெளியே போகிற காற்றில் ஒரு துளியை ஊசித்துளை வழியாகக் கியர் பெட்டிக்குள் திருப்பிவிட்டிருக்கிறேன். கத்தி ஓடும்வரை உள்ளிருந்து வெளியே மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். முக்கும்போதும் நிறுத்தவேண்டாம், ஓடவிட்டே முக்குங்கள். எடுத்த பிறகும் கொஞ்சம் ஓடவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சொல்லுங்கள், இது முக்கியம்.

அவசரத்திடம் வரைபடத்தைக் காட்டினேன். ஓட்டையை அடைக்கச் சொல்லித்தானே சம்பளம் கொடுக்கிறேன், நீ புதுசா ஒரு ஓட்டை போடுகிறாயேம்மா என்று தலையில் கை வைத்தார். பாட்டிலைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து மூன்று முறை செய்து காட்டினேன். கடைசித் தடவை அவரே மூடியைத் தளர்த்திப் பார்த்துவிட்டு, என் பேரனுக்கும் இதே கம்பெனி பாட்டில்தான் என்றார். அதை சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துளை போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, எதையும் ஒரேயடியாக மூடி வைத்தால் அப்படித்தான், சரி, இந்த ஓட்டை வேலை செய்தால் அவன் வந்துவிடுவானா என்று கேட்டார். வந்துவிடுவார் அண்ணி என்றேன். அவர் நூலைக் கடித்துத் துண்டித்தார்.

பட்டாணிக்கு இரண்டு நாள் சளி. இப்போது தேவலை. உங்கள் சட்டையின் கைப்பகுதியை எப்படியோ எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். பிடுங்கி, கொதிக்க வைத்து, திருப்பிக் கொடுத்தேன். இப்போது அதில் எந்த வாசனையும் இல்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்தான் இன்னொரு பார்சல் வரட்டும் என்று காத்திருக்கிறேன். கத்தி நன்றாக ஓடினால் பார்சல் வராதே என்று பிறகுதான் உறைத்தது.

நன்றாகவே ஓடட்டும்.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


ஞாயிறு

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

மாதம் முடிந்து கத்தியைத் திறந்தால் கிரீஸ் நான் வைத்த நிறத்திலேயே இருந்தது என்று ஒரே வரியில் தகவல் அனுப்பியிருந்தீர்கள். அந்த வரியைப் பட்டறையில் எல்லோரும் படித்தார்கள். அவசரம் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தந்துவிட்டு, முதல்முறையாக உட்கார்ந்து குடித்தார். ஆர்டர் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகச் செய்யவேண்டும்.

பட்டாணி குப்புற விழுந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, நான் பட்டறையில் இருந்தபோது. அக்கா போன் செய்து, உன் மகள் பூமியைப் பார்த்துவிட்டாள், வானத்துக்குத் திரும்பத் தெரியாமல் கத்துகிறாள் என்றார். நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் நாம் சமம்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவசரம் என்னிடம் வாழ்த்துச் சொன்னார். கத்திக்காக என்று நினைத்துச் சிரித்தேன். உங்களை அந்த ஆலையிலேயே மெயின்டனன்ஸ் தலைவராக இருக்கச் சொல்லியிருக்கிறார்களாமே, நல்ல இடம், விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, இருந்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன், வீட்டில் என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் சார், சொன்னார், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் பொய் வந்தது என்று தெரியவில்லை. டீயை முழுக்கக் குடிக்கவும் முடியவில்லை.

இத்தனை நாளும் யார் கேட்டாலும் கத்தியைச் சொல்லிவிடுவேன். கடையில் கேட்டாலும், டாக்டர் அறையில் கேட்டாலும், கத்தி ரிப்பேர் ஆகிறது, சரியானதும் வந்துவிடுவார். கத்தி பாவம், எல்லாப் பழியையும் தாங்கிக்கொண்டது. இப்போது அது கெட்டுப்போவதில்லை. நான்தான் கெட்டுப்போகாமல் செய்தேன். இனி யாராவது கேட்டால் என்ன சொல்ல?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒன்று சொல்லவேண்டும்.

நேற்று முதல் பெட்டிக்கு எடைச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். எடை எனக்கு மனப்பாடம். இருந்தாலும் பார்சல் தராசில் வைத்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு கிலோ நானூறு என்று வந்தது. அந்த எண்ணை எத்தனை வரைபடத்தில் எழுதியிருப்பேன், ஒரு தடவையும் தோன்றவில்லை. தராசில் பார்த்ததும்தான் இதே எண்ணை வேறொரு தராசில், இதே சிவப்பில் பார்த்திருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. நீங்களும் பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள். பட்டாணி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் காலில் கட்டிய பட்டையிலும் அதையே எழுதினார்கள்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி உங்களிடம்தான் முதலில் நீட்டினார். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டீர்கள். எண்ணெய்க் கை சிஸ்டர், வழுக்கிவிடும் என்றீர்கள். கழுவிவிட்டு வாருங்கள் என்றார். கழுவப் போனவர் வராந்தாவிலேயே நின்றுகொண்டீர்கள். கட்டிலிலிருந்து உங்கள் தோள் மட்டும் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம், கத்தியோடு யார் போவது என்று அவசரம் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கியதும் நீங்கள்தான் என்று சொன்னார்கள்.

அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு மூடியை இறுக்கிக்கொண்டோம்.

இப்போதும் கேட்கவில்லை, சொல்கிறேன். அதே கனத்தை இத்தனை மாதம் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். அது சும்மாவும் இருக்கவில்லை, துள்ளிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டு வரை கொழுப்பு, காலடியெல்லாம் தண்ணீர். ஒரு நாள்கூட நழுவியதில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது என் கைப்பிடியின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கைப்பிடியை வரைந்தவளுக்குத் தெரியும், வரி போட்டால் மட்டும் நிற்காது, பிடிக்கிற கை வேண்டும்.

அந்த வேலையை எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று நான் எழுதமாட்டேன். எடுத்துக்கொண்டால் நாங்களும் அங்கே வருகிறோம், அக்கா தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரத் தயார் என்கிறார். வேண்டாம் என்றால் இங்கே உங்கள் மேஜை அப்படியே இருக்கிறது, யாரையும் உட்கார விடவில்லை. எதுவானாலும் சரி. முதலில் ஒரு தடவை வந்து இவளைத் தூக்கிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.

ஆறு கிலோவைத் தாண்டிவிட்டாள். கைக்கு நல்ல கனம். இனி நீங்கள் மட்டுமே பிடிக்கவேண்டியதில்லை, இப்போது அவளும் பிடித்துக்கொள்கிறாள். சட்டைக் கையைப் பிடித்தால் விடுவதே இல்லை.

எண்ணெய்க் கையோடு வந்தாலும் பரவாயில்லை. கழுவக்கூட வேண்டாம், நான் ஒன்றையும் கொதிக்க வைக்கமாட்டேன்.

தரை வழுக்கும், பார்த்து நில்லுங்கள். உங்கள் இரண்டு கையும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
பட்டாணியின் அம்மா