பாலத்தின் மேல் இன்னொரு ரவுண்டு

என்னங்க, நல்லா இருக்கீங்களா?

பழகிய வாய் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பெயர் சொல்லாமல் 'என்னங்க' என்றே ஓட்டிவிட்டேன். இப்போது கடிதத்தில் மட்டும் பெயர் எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் போய் இது இரண்டாவது மார்கழி. வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. காலையில் மாடிக்குப் போனால் மலைக்கோட்டை பனியில் பாதி கரைந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று பாலைப் பொங்கவிடுகிறேன். முன்பெல்லாம் நீங்கள்தான் அப்படி நிற்பீர்கள், நான் கத்துவேன்.

செய்தி உங்கள் பழைய பிக்கப் வண்டியைப் பற்றியது. லியோ அதைக் கொடுத்துவிடப் பார்த்தான். உங்கள் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. நீங்கள் போனதிலிருந்து அது கிளம்பவே இல்லை. தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த வண்டியில் பூனை குட்டி போட்டிருந்தது. இரும்புக்காக உடைத்து எடுத்துக்கொள்ள முசிறியிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடுனா வச்சுக்கலாம்மா. ஓடலன்னா அழக்கூடாது" என்றான்.

நான் எப்போது அழுதேன்? அடக்கத்தன்றுகூடப் பந்தல்காரரோடு சண்டைதான் போட்டேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை நானே கழற்றி, அடுப்படிக்குக் கொண்டுபோய்த் துடைத்தேன். தினமும் மிக்ஸி கழுவுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம். யாருக்குத் தெரியும்? போதாததற்கு, அது இல்லாமலேயே லியோ சாவியைத் திருப்பி என்ஜினையும் சுற்றவிட்டான். பாலக்கரையில் உங்கள் சிநேகிதர் மெக்கானிக் பஷீர் பாய் கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

"என்ன தங்கச்சி, நெருப்பு விழுற டைமிங்கையே கலைச்சிட்டீங்களே!"

சனிக்கிழமை காலையில் அவர் போன் ஸ்பீக்கரில் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். என்ஜினின் முன்னால் சுழல்கிற சக்கரத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. அதை எதிரே இருக்கும் கோட்டுக்கு நேராக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினோம். லியோ சாவியைத் திருப்பியதும் 'பட்'டென்று ஒரு வெடி. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

பாய் சிரித்துவிட்டார். "அந்த வெட்டு ரெண்டு தடவை நேரா வரும்மா. ஒண்ணு நெசம், ஒண்ணு சும்மா. முதல் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கட்டை விரலை வைங்க. தம்பிய மெதுவா சுத்தச் சொல்லுங்க. காத்து விரலைத் தள்ளுச்சுன்னா அதான் நெசம்."

வைத்தேன். லியோ ஸ்பானரைப் போட்டுச் சுற்றினான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, உள்ளிருந்து காற்று வந்து என் விரலைத் தள்ளியது. இத்தனை நாள் சும்மா கிடந்த வண்டிக்குள் இவ்வளவு மூச்சு எங்கே இருந்தது? உங்களிடம் சொல்வதற்கென்ன, விரலை எடுக்க மனசு வரவில்லை.

"என்னம்மா?" என்றான். "ஒண்ணுமில்ல, நிறுத்து" என்றேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், டைமிங் பார்க்கிறேன் என்று காவிரிப் பாலத்துக்கு வண்டியை எடுப்பீர்களே. நெருப்பு முந்திக்கொண்டால், மேடு ஏறும்போது டம்ளருக்குள் ஸ்பூன் ஆடுகிற மாதிரி என்ஜினில் ஒரு சத்தம் வரும். சின்ன வயதுக் காய்ச்சலில் காது மந்தமான உங்களுக்கு அது பிடிபடாது. அதற்காகத்தான் பக்கத்து சீட்டில் நான். பாலம் ஏறும்போது "கேக்குதா?" என்பீர்கள்.

முக்கால்வாசி நாள் ஒன்றும் கேட்காது. ஆனாலும் "கேக்குது" என்பேன். நீங்கள் மாம்பழச்சாலைப் பக்கம் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, நட்டைத் தளர்த்தி எதையோ திருகிவிட்டு வருவீர்கள். மறுபடியும் பாலம். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் பனியில் மிதந்துகொண்டிருக்கும். வண்டி ஓடுகிறதா ஆறு ஓடுகிறதா என்று தெரியாது. மாமியார், நாத்தனார், பிள்ளை, வாழைத்தார் என்று எல்லோரும் பிய்த்துக்கொண்ட உங்களை எனக்குத் தனியாகக் கொடுத்தது அந்தப் பாலம் ஒன்றுதான்.

இன்னொரு ரவுண்டுக்காகச் சொன்ன பொய். ஆனால் சரியாக இருந்த டைமிங்கை என் பேச்சை நம்பி எத்தனை முறை கெடுத்தீர்களோ? நீங்கள் போன பிறகு வண்டி படுத்துவிட்டதே, அதற்கும் நான்தான் காரணமோ? இத்தனை நாளும் அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுபடி கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்கும் முன், அது உட்காருகிற இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் ரோஸ் நிறத்தில் பாதிக் கோடு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியைச் சுரண்டினால் மீதிப் பாதி அங்கே. என் நெயில் பாலிஷ்! சின்னப் பையனாக லியோ முதல் நற்கருணை எடுத்த புதுநன்மைக்கு வாங்கி, ஒரே ஒரு நாள் போட்டுத் தொலைந்துபோனது. உங்கள் தங்கைதான் எடுத்தாள் என்று ஈஸ்டர் வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையே, பாவி நான்!

"அது அவரு வச்ச அடையாளம். டைமிங் சரியா அமைஞ்ச அன்னிக்குப் போட்டது. ரெண்டு பாதியையும் சேர்த்து வச்சு முறுக்குங்க" என்றார் பாய்.

"அதுக்கப்புறம் வாராவாரம் திருகினாரே பாய், கோடு எங்கேயோ போயிருக்குமே?"

 பாய் சொன்னார். "திருகவே இல்லம்மா. நட்டைத் தளர்த்துவாரு, மறுபடி முறுக்குவாரு. அவ்வளவுதான். ஏன்டா இந்த வேலைன்னு ஒரு நாள் கேட்டேன். 'அவ கேக்குதுங்கிறா, எனக்கு இன்னொரு ரவுண்டு கிடைக்குது, உனக்கென்னடா'ன்னாரு."

அழுதேன். லியோ அழக்கூடாது என்றதை மறந்துவிட்டேன். பாவம், அவன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

கோட்டோடு கோட்டைச் சேர்த்து முறுக்கினோம். இரண்டாம் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. பூனைதான் கோபித்துக்கொண்டு குட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்து பாலத்துக்குப் போனோம். லியோ ஓட்டினான். அதே பனி. தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. ஒரு கணம், ஸ்டியரிங்கில் இருந்த கை உங்களுடையது போலவே இருந்தது. நான் திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி மேட்டில் ஏறியது.

"கேக்குதாம்மா?" என்றான்.

"கேக்குது" என்றேன்.

 மாம்பழச்சாலையில் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு மூடிவிட்டு வந்து வண்டியைத் திருப்பினான். முசிறிக்காரரை வரவேண்டாம் என்று பாலத்தின் மேலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

என் பொய் உங்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது? முதல் நாளேவா? இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டா அத்தனை வருடம் சந்தோஷமாக இருந்தோம்?

உங்கள் கோட்டை யாரும் நகர்த்த விடமாட்டேன். உங்கள் தங்கையிடம் நெயில் பாலிஷுக்காக இந்தக் கிறிஸ்துமஸிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்துக்கு வருவேன். லியோவுக்கும் எனக்கும் நடுவில் இடம் விட்டே உட்காருவேன், நீங்கள் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கேட்காத சத்தத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி,
செசிலி