முதுகுக்குள் எட்டு ஸ்குரூ

2 ஆகஸ்ட் 2024, வெள்ளி
இவருக்கு இடுப்புவலி பதினெட்டாவது நாள். தோல் மண்டியில் கட்டு தூக்கியதால் சுளுக்கு என்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். காய்ச்சல் காலை 99, மாலை 101. சுளுக்குக்குக் காய்ச்சல் வருமா?

5 ஆகஸ்ட்
கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. “சைதூன், காலு என்னுது மாதிரியே இல்ல புள்ள.” ஆம்புலன்ஸில் மதுரைக்கு வந்துவிட்டோம்.

6 ஆகஸ்ட்
ஸ்கேன் பார்த்த டாக்டர் கௌசல்யா இவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் புண்! சர்க்கரைக்காரர், புண்ணை என்னிடம் மறைத்திருக்கிறார்.

“சொன்னா மண்டிக்கு விடமாட்டியே.”

புண்ணிலிருந்த கிருமி ரத்தம் வழியாக முதுகெலும்புக்குப் போய், சீழ் பிடித்து, இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டதாம். நரம்பை அழுத்துகிறதாம். அதுமேலயா நான் அம்புட்டு நாளும் அழுத்தித் தேச்சேன்? யா அல்லாஹ்— வாய்விட்டே கேட்டுவிட்டேன் போல, டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க தேச்சு உடையலம்மா, கிருமி அரிச்சு உடைஞ்சது. சீழை எடுத்துட்டு, இடுப்பெலும்புல ஒரு துண்டு வெட்டி அங்க வைப்போம். எட்டு ஸ்குரூ, ரெண்டு கம்பி.”

“சீழ் வச்ச இடத்துலயா கம்பி?”

“ஆடுற எலும்புல கிருமி சாகாதும்மா. அசையாம நிறுத்துனாத்தான் மருந்து கேக்கும். நடப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது.”

வெட்டி வைத்த எலும்பு போன இடத்தில் ஒட்டிக்கொண்டு வளருமாம். என் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு அற்புதம் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்.

7 ஆகஸ்ட்
ஆறு மணி நேரம் ஆபரேஷன். பிழைத்தார்.

8 ஆகஸ்ட்
வலது கால் அசைகிறது. இடது இல்லை.

12 ஆகஸ்ட்
இடது பெருவிரல்! ஒரு நெல்மணி அளவு. நான் பார்த்தது நிஜம்தானா என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

20 செப்டம்பர்
ஆறு வாரம் ஊசி முடிந்தது. எக்ஸ்ரேயில் எட்டு ஸ்குரூவும் வெள்ளையாக, வரிசையாக. மனுஷக் கை செய்த வேலை. அந்தக் கைக்கு அறிவைக் கொடுத்தவன் பெரியவன். இவருக்கோ கேலி: “இனி உங்கண்ணன் வீட்டு நிலைவாசல்ல குனிய மாட்டேன். இடிச்சுக் கட்டச் சொல்லு.”

4 அக்டோபர், வெள்ளி
மஃரிப் தொழுகைக்கு இடுப்புப் பெல்ட்டை இறுக்கி, வாக்கரைத் தள்ளிவிட்டு, தானாக நின்றார். குனிவதற்கும், தரையில் நெற்றி வைக்கும் சஜ்தாவுக்கும் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தலையால் சைகை. கொஞ்சம் தள்ளிப் பின்னால் நின்று நான் தனியாகத் தொழுதேன். சஜ்தா செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய கண், அவர் முதுகிலேயே நின்றது. மஃரிபுக்கு மூன்று ரக்அத்; நான் முடித்தது இரண்டா, மூன்றா? எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஸலாம் கொடுத்து முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி தொழுதேன்.