முத்திரைக்காரனுக்கு ஓர் ஏச்சு

இன்று காலை பூங்காவில் என் கையில் ஓர் அட்டையைத் திணித்தார்கள். லேமினேட் செய்த அட்டை, அதில் ஒரு கையின் படம். கட்டைவிரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிரவிரல் நிலம், சுண்டுவிரல் நீர். ஐந்து பூதங்களும் விரல் நுனியில் வந்து காத்துக்கிடக்கின்றனவாம், மடக்கினால் போதுமாம். நடக்க வந்த ஓய்வுபெற்ற ஆசாமிகள் இருபது பேர் வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு, தாங்கள் இத்தனை நாள் விரலை மடக்காததால்தான் வைகையில் தண்ணீர் வரவில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பிராண முத்திரை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிக் கட்டைவிரலைத் தொட, மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

உன் கை. செத்துப் பதினோரு வருடமாகியும் நீ என்னை விடுகிறாயா பார்.

எழுபதுகளின் கடைசியில் சோழவந்தானில் நாம் இருவரும் கூட்டாகக் கொடிக்கால் போட்டிருந்தோம். செருப்புக் காலோடு ஒருவரையும் உள்ளே விடாத வெற்றிலைத் தோட்டம். கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்து நாரால் கட்டுவதற்கும், இலையைக் கிள்ளிக் கவுளிக் கட்டாக அடுக்குவதற்கும் விரல்தான் மூலதனம். உன் கட்டு அந்தப் பக்கத்திலேயே பேர்போனது. நான் கட்டியதை அவிழ்த்துவிட்டு நீ திரும்பக் கட்டுவாய், அதுவும் என் கண்ணெதிரிலேயே. அப்படிப்பட்டவன் ஒரு தை மாதம் மதுரையில் ஏதோ கல்யாண மண்டபத்தில் நடந்த தியான முகாமுக்குப் போய்விட்டு வந்தாய். மறுநாளிலிருந்து வலது கையை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு வரப்பில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாய். கேட்டால் நிலத்தையும் நீரையும் நெருப்போடு சேர்க்கிறேன் என்றாய். நீ சேர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மண்ணை வெட்டியதும் தண்ணீர் இறைத்ததும் நான்.

ஊருக்குக் கேட்கவா வேண்டும். அந்தக் கோடையில் நம் கிணறு வற்றவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கொடிக்கால்காரர் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து, தன் கிணற்றடியிலும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி உன்னைக் கூப்பிட்டார். நீயும் வெட்கமில்லாமல் போனாய். நம் கிணறு ஆற்றோரத்தில் இருக்கிறது, அதனால் வற்றவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. உழைக்கச் சோம்பல்பட்டவனுக்குச் சாமியார் வேடம் நன்றாகப் பொருந்துகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து நாள் தவறாமல் ஏசினேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்த முறைத்தண்ணீர் நாள். வாய்க்காலில் நமக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை, காலையில் மூன்று மணி நேரம்தான் தண்ணீர். நான் மேல்மடையைத் திறந்துவிட்டு வருவேன், நீ கொடிக்கால் வாயில் மம்பட்டியோடு நிற்க வேண்டும் என்று பேச்சு. ஓடிவந்து பார்த்தால் மம்பட்டி ஒரு பக்கம் கிடக்கிறது, நீ ஒரு பக்கம் முத்திரையில் இருக்கிறாய், கீழ்வரப்பு உடைந்து நம் தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருக்கிறது. வேலையாட்கள் உடைப்பை அடைக்க ஓடினார்கள். நான் உன்மேல் பாய்ந்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மாட்டேன். உன் கையைப் பிடித்து, மடங்கிய விரல்களை இழுத்துப் பிரித்தேன். பிரியவில்லை. வீம்பு என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். உன் முகத்தில் வலி தெரியவில்லை. அப்போதுதான் சுண்டுவிரல் ஓரத்தில் சூடுபட்டு வெந்த புண்ணைப் பார்த்தேன். அது எப்போது பட்டது என்று உனக்கே தெரியவில்லை.

என் பெரிய மாமாவைத் தொழுநோய் என்று தோட்டத்துக் குடிசையில் தனியே வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உன் கையை விட்டேன். வாய்க்காலில் இறங்கி, மணலை அள்ளி என் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நிமிர்ந்தபோது நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்த முகாம்ல செவுத்துல ஒரு படம் மாட்டியிருந்தாங்க மாப்ள. அதுல என் கை இருந்துச்சு" என்றாய்.

உன் தங்கைக்கு எழுமலைப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது. பெருவியாதிக்காரன் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணம் அன்றோடு முடிந்தது. நம் வெற்றிலையை எவன் வாயில் வைப்பான் என்பது அதற்குப் பிறகுதான். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, உட்கார்ந்து பழகினால் விரல் தானே நிமிர்ந்துவிடும் என்று நினைத்ததாகச் சொன்னாயே, அதைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை. ஊரை ஏமாற்ற ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவன், அதைத் தானே நம்பிக் கெட்டுப்போவானா? அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒன்றரை வருடம் பூமியோடு பேசிக்கொண்டிருந்தாய். நாம் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, இந்த நோய் நின்றுவிடும், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் யாருக்கும் ஒட்டாது, ஆனால் மடங்கிய விரல் நிமிராது, முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் நான் உனக்கு இரண்டு சீட் தள்ளித்தான் உட்கார்ந்தேன். ஒட்டாது என்று காதால் கேட்ட பிறகும்.

இறங்கி நடக்கும்போது, இதை வெளியே சொல்லிவிடாதே என்று கெஞ்சுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்டது வேறு.

"என்னைய ஏசுறத மட்டும் நிப்பாட்டிராத மாப்ள. நீ ஏசுற வரைக்கும் எல்லாரும் என்னைக் கிறுக்கன்னு பாப்பாங்க. கையப் பாக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து வாய் ஓயாமல் ஏசினேன். மாதம் ஒருமுறை நீ மாத்திரை வாங்கப் போனால், முகாமுக்குப் போயிருக்கிறான் வெட்டிப்பயல் என்றேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சம்பந்தி வீட்டாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடத்தில் நீ வெறுமனே தலையை மட்டும் குனிந்து நின்றாய். மாப்பிள்ளையின் தாய்மாமன் உன் கையையே பார்த்தார். பெண் வீட்டுக்காரருக்கு இம்புட்டுத் திமிரா என்று கேட்டார். உன் தங்கை மாலையோடு உள்ளே காத்திருந்தாள்.

"அவன் கும்புட மாட்டான் மாமா" என்றேன் நான். "கையக் கூப்புனா நிலமும் தண்ணியும் பிரிஞ்சு உங்க ஊருக்கு மழை வராதாம். ரெண்டு வருசமா ஒரு மம்பட்டியத் தொட்டதில்ல. இவனோட கூட்டுச் சேந்து நான் படுறபாட்டக் கேளுங்க."

அவர் சிரித்துவிட்டார். மழைக்காக என்றால் அப்படியே இருக்கட்டும் என்று தானே முதலில் கும்பிட்டார். கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்தாய், கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உன் சாவு வீட்டிலும் அந்தக் கூத்து நிற்கவில்லை. கைகளை நெஞ்சில் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள், வலது கை படியவில்லை. முத்திரையோடேயே போய்விட்டார் என்று ஒரு பெண் உன் விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. உன் தங்கை என் பக்கத்தில் வந்து நின்று, "என்னண்ணே, இன்னைக்கு ஏசலையா?" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. செத்தும் ஊரை ஏமாற்றுகிறான் பார் என்று உரக்கச் சொன்னேன். சொல்லிக்கொண்டே உன் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் எல்லோரும் குளித்தார்கள். நான் குளிக்கவில்லை. கையைக்கூடக் கழுவவில்லை. தீட்டோடு வீட்டுக்குள் வந்தேன் என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு அந்த வாய்க்கால் கதையை நான் எப்படிச் சொல்வேன்?

பூங்காவில் முத்திரை சொல்லிக்கொடுக்கிற பெண் இன்று என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அட்டையை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்திருப்பாள் போல. அவள் சொல்லாமலேயே என் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கியிருந்தன.

"ஐயா ரொம்ப நாளா செய்றீங்களோ?" என்றாள்.

"நானா?" என்றேன். "எங்க ஊர்ல ஒரு சோம்பேறிப்பய இருந்தாம்மா. வேலைக்குப் பயந்து ஆயுசு பூரா இப்படியே உக்காந்திருந்தான்."