ஐந்தடி அலை

விசாகப்பட்டினம்
12-7-1985

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

தவசி எழுதிக்கிறது. நான் சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? ஆத்தாவுக்கு இருமல் நின்னுருச்சா?

என் வேலை என்னன்னு கேட்டிருந்தீங்க. துறைமுகமே இல்லாத கரையில் ராணுவச் சரக்கைக் கப்பலில் இருந்து படகில் இறக்க எம்புட்டு நேரமாகும், என்ன ஆபத்து வரும்னு கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். அலை ஐந்தடிக்கு மேல போனா படகு கவிழும்னு வந்துச்சு. "இப்படிக் குடுத்தா ஒத்திகைக்கே விடமாட்டாங்க. ஏழடின்னு மாத்து"ன்னு எங்க அதிகாரி சொன்னார். மாத்திட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடல்ல ஒத்திகை நடந்துச்சு. அலை ஆறடி. ஒரு படகு கவிழ்ந்து, மூட்டை இறக்கிக்கிட்டிருந்த சிப்பாய் வீரணன் செத்துப்போனான். சோழவந்தான்காரன். இங்கே நம்ம பேச்சுப் பேச எனக்கு இருந்தவன் அவன் ஒருத்தன்தான். பதறாதீங்க, நான் கரையிலதான் நின்னேன்.

திங்கட்கிழமை விசாரணை. மாத்தினது நான்தான், மாத்தச் சொன்னது இன்னார்னு சொல்லப்போறேன். வேலை நிலைக்காது. ஆத்தாகிட்ட லீவுல வாரேன்னு மட்டும் சொல்லிவைங்க. எல்லாம் முடிய ஒரு மாசமாகும். அதுவரைக்கும் பருப்புப்பொடி கொஞ்சமா அனுப்பினாப் போதும், இனி நான் ஒருத்தன்தானே திங்கப்போறேன்.

சோழவந்தானுக்கு ஒரு நடை போய் வீரணனோட அம்மா சுந்தரம்மாளைப் பாருங்க. துணைக்கு உட்கார்ந்திட்டு வாங்க, போதும். என் பேரைச் சொல்லாதீங்க. நான் செஞ்சதை நானே வந்து சொல்லணும்.

தபால்காரர் நிக்கிறார், முடிக்கிறேன்.

உங்க மகன்
தவசி