கருகிய பருப்பும் விற்றுப்போன அடுப்பும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், சிரிப்பதானால் அங்கேயே சிரித்து முடித்துக்கொள். விஷயம் என்னவென்றால், உன் அம்மா சந்தையில் ஊர் ஜனத்துக்கு முன்னால் உட்கார்ந்து சமைத்தாள். ஆமாம், நான்தான். யாருடைய சமையலுக்குப் பயந்து நீ சின்ன வயதிலேயே சமைக்கக் கற்றுக்கொண்டாயோ, அவளேதான்.

மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நாங்கள் பெண்களாகச் சேர்ந்து புகையில்லாத அடுப்பு செய்வது உனக்குத் தெரியும். ஒருத்தி தகரம் வெட்டுவாள், ஒருத்தி வளைப்பாள், நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் உயரக்காரி வெல்டிங் வைப்பாள், உள்ளே பூசுகிற களிமண்ணை மிதித்துக் குழைப்பது என் வேலை. மூளை தேவைப்படாத வேலையாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்களில் ஒருத்திக்கும் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, எல்லாரும் செங்கல் சூளையில் சுமந்து சுமந்து கழுத்து தேய்ந்தவர்கள். அடுப்பு நன்றாகத்தான் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. அடுக்கிவைத்தது அடுக்கிவைத்தபடியே கிடப்பதைப் பார்த்துக் கொட்டகைக்காரர், “இந்த மாசத்தோட காலி பண்ணிக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டார். மறுபடியும் சூளைக்கா என்று எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது.

சந்தையில் சமைத்துக் காட்டினால் வாங்குவார்கள் என்று, கேன்டீனில் சமைக்கிற அக்காவை முதலில் உட்காரவைத்தோம். கூட்டம் வந்தது, ருசி பார்த்தது, “இந்தக் கைக்கு மூணு கல்ல வெச்சுக் குடுத்தாலும் இப்படித்தான் வரும்” என்று அக்காவைப் புகழ்ந்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் நெட்டை சொன்னாள், “நம்மள்லயே மோசமா சமைக்கிறவள உக்கார வைப்போம். அவளுக்கே நல்லா வந்துட்டா, அடுப்புதான் காரணம்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க.” யாரும் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பது தெரிந்ததால் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தைக்குப் போய் உட்கார்ந்தேன். பருப்பு வேகவைப்பதுதான் வேலை, அதில் யாரும் தப்புப் பண்ண முடியாது என்று அக்கா தைரியம் சொன்னாள், பாவம், அவளுக்கு என்னைச் சரியாகத் தெரியாது. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். நம் வீட்டில் சாப்பிட்டவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். ஒரு கிழவர் காற்று எப்படி உள்ளே போகிறது என்று கேட்டார், எனக்கு வந்ததே உற்சாகம்! கீழே இருக்கும் துளையைக் காட்டினேன், களிமண் எதற்கென்று சொன்னேன், குச்சி ஏன் கொஞ்சமாகப் போதும் என்று சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். நெட்டை பின்னாலிருந்து என்னைக் கிள்ளியபோதுதான் வாடை மூக்கில் ஏறியது. பருப்பு அடியோடு பிடித்துக் கரியாகிவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். என்னால்தான் இத்தனை பேரும் சூளைக்குத் திரும்பப் போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

டீக்கடைக்காரம்மா ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நாள் முழுக்க விறகடுப்போடு மல்லுக்கட்டுகிறவள், கண் எப்போதும் சிவந்தே இருக்கும். பருப்பை அவள் பார்க்கவே இல்லை. குனிந்து அடுப்புக்குள் பார்த்தாள், முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். “சிரிச்சது போதும், இங்க பாருங்க. உள்ளதான் கரி, வெளிய கரி இல்ல. இவ்ளோ கிட்ட நிக்கிறேன், கண்ணு எரியல. பருப்ப இவ கெடுத்தா, அதுக்கு அடுப்பு என்ன பண்ணும்? எனக்கு ரெண்டு எடுத்து வை” என்றாள். அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை, கூட்டமே ஒருவருக்கொருவர் சொல்லி விற்றுக் கொடுத்தது. அன்று கொண்டுபோனதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டு வருகிறார்கள், கொட்டகையைக் காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றுவிட்டது, சூளையில் இருந்த இன்னும் சில பெண்களையும் சேர்த்துக்கொண்டோம்.

இப்போது சந்தைக்குச் சந்தை நான்தான் சமைக்கிறேன், நான் கருக வைப்பதைப் பார்க்கத்தான் கூட்டமே கூடுகிறது. போன வாரம் ரோஷம் வந்து கவனமாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன், பருப்பு பதமாக வந்துவிட்டது. நெட்டை என்னை ஓரமாகக் கூட்டிப்போய், “ஒழுங்கா வேலையப் பாரு, அடிபிடிக்க விடு” என்று கண்டித்துவிட்டாள்.

நம் வீட்டிலும் அந்த அடுப்புதான். ருசியில் மாற்றமில்லை, அப்பா அதே மாதிரி தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். ஆனால் படுத்தால் எனக்கு இருமல் வருவதில்லை. இத்தனை வருஷமாக என் இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிய மனுஷன், சத்தம் இல்லையே என்று பயந்துபோய் என்னை உலுக்கி எழுப்புகிறார். உயிரோடுதான் இருக்கிறேன், தூங்குங்கள் என்று திட்டினேன். சரி என்று திரும்பிப் படுத்தார், கையை மட்டும் விடவில்லை.

நீ குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிர் என்று ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைக்காதே. இதை உன் நண்பர்களுக்குப் படித்துக் காட்டாதே, காட்டினால் பருப்பு விஷயத்தை விட்டுவிட்டுக் காட்டு.

ஆசீர்வாதங்களுடன்,
சம்பளம் வாங்கிக் கருக வைக்கும்
உன் அம்மா