பிய்த்துப் போட்ட கறுப்பு ஸ்டிக்கர்

சித்திரை, செவ்வாய்க்கிழமை

சர்க்யூட் போர்டு கழுவும் வாளியின் வெளிப்பக்கம் மூன்று கறுப்பு ஸ்டிக்கர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அம்மை போட்டிருந்ததால் பத்து நாள் கழித்து இன்றுதான் நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். பழைய வீடியோ கேம் பெட்டியின் சவுண்டு போர்டில் இருந்த ஸ்டிக்கர்கள் அவை. சத்தம் பதிந்திருக்கும் சிப்பின் மேலுள்ள சின்னக் கண்ணாடியை அவை மூடியிருக்கும். அது இல்லாமல் வெயிலில் கிடந்தால் உள்ளே பதிந்த சத்தம் அழிந்துவிடும். போன மாதம் நான் சோதித்தபோது குதிரை ஓடும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"மாடியில காயுது. நீ படுத்த அன்னைக்கே கழுவி வச்சேன். அழுக்குத் தாளையும் பிச்சுட்டேன். பாரு, புதுப்பொண்ணு மாதிரி இருக்கும்," என்றார் ஓனர் அண்ணன்.

போர்டை எடுத்து வந்து பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். வெறும் இரைச்சல். சிப்பு அழிந்துவிட்டது என்று சொன்னேன். சிரித்தார்.

"போனுல இருந்து குதிரைச் சத்தத்தை ஒரு சின்ன பிளேயர்ல ஏத்தி உள்ள மாட்டிருவோம்த்தா. நாளைக்கு வாற மதுரைக்காரருக்கு என்ன தெரியப்போகுது? 'ஒரிஜினல் சத்தம்'னு சீட்டு எழுதிரு. உன் எழுத்தை நம்பித்தான அவுக வாங்குறாக."

பழைய சத்தங்களைக் காப்பாற்றி வைப்பதற்காகவே வாங்குகிறவர் அவர். அவரிடமா? ஆனாலும் சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

அண்ணன் டீக்குப் போனதும் சீட்டு எழுதினேன்: "சிப்பு வெயிலில் அழிந்துவிட்டது. சத்தம் இல்லை." கையெழுத்துப் போட்டு, போர்டின் மேலேயே ஒட்டி, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.