அப்டேட் ஓடுகிறது, போனை எடுக்காதே

17-8-2003, ஞாயிறு

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்பு. ஒரு எழுத்து நிமிர்ந்து நின்றால் பக்கத்து எழுத்து படுத்துக்கொள்கிறது. 'இ' எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. அறுபத்தெட்டு வயதில் பழகின கை, இப்படித்தான் வரும். சர்ச் ஹாலில் சாயந்திர வகுப்பு எடுக்கிற பியாட்ரிஸ் டீச்சர் சொன்னார்: "வாரம் ஒரு பக்கம் எழுதுங்க கோவிந்தப்பா. வீட்ல நடக்கிறதை எழுதுங்க. யாரும் பார்க்கப்போறதில்ல." யாரும் பார்க்காவிட்டாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

வீட்டில் நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது.

என் மகள் வீணா வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அமெரிக்கா டாக்டர்கள் பேசிவைத்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்து, போன் ஒயர் வழியாக ஊர்க்கோடி வைட்ஃபீல்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். நேற்று அனுப்பப் போகும்போது திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று நம்பர் இறங்கியது. நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பூஜ்ஜியம் என்று படித்ததும் மெஷின் தானாக அணைந்தது.

"நைனா, நீ இன்னா ராக்கெட் உடறியா?" என்றாள் வீணா. அழுகிற குரல்.

ஃபைல் போகவில்லை. இது இரண்டாவது தடவை. ஆபீஸ் சுனிதா மேடம் போனில் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை லேட் ஆனால் வீட்டு வேலை கிடையாது, வைட்ஃபீல்டுக்கு வந்து உட்கார வேண்டும். எங்கள் நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் பொழுது போய்விடும். வீணாவுக்குக் கைக்குழந்தை, இன்னும் பால்குடி மறக்கவில்லை. மருமகன் லாரியில் போனால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. எப்படிப் போவாள்? போக முடியாது. அப்படியென்றால் வேலை போய்விடும்.

24-8-2003

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோடிலிருந்து நாகேஷ் வந்தான். இந்த மெஷினைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான்.

"ஊர் பூரா இதே கேஸ் தாத்தா. இது ஒரு புழு."

என் வீட்டுக்காரி சின்னத்தாயி விளக்குமாற்றோடு வந்தாள். அந்தப் புழு இல்லை, போன் லைன் வழியாக மெஷினுக்குள் புகுந்து கெடுக்கிற ப்ரோக்ராம் என்று அவன் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"கதவே போடாம தெருவுல வீடு கட்டிக்கினு இருந்திருக்கீங்க," என்றான். ஆன்டிவைரஸ் போட்டான். காவலுக்கு இன்னொன்றும் போட்டான். இனிமேல் யார் உள்ளே வர வேண்டும் என்றாலும் ஒரு பெட்டி வந்து கேட்குமாம். தெரியாதவன் என்றால் நோ சொல்ல வேண்டும்.

வீணா சிலேட்டில் இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டையும் எழுதிக் காட்டினாள். நோ சின்ன வார்த்தை. அதைத்தான் முதலில் கற்றேன். பீன்யா கம்பெனி கேட்டில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக நின்று வாயால் சொன்னது இந்த வார்த்தைதான். அப்போது கேட் பாஸைப் படிக்கத் தெரியாது, ஆள் முகத்தைப் படிப்பேன். இங்கே வருகிறவனுக்கு முகம் இல்லை. எழுத்து மட்டும்தான். நல்ல சமயத்தில் படிக்கக் கற்றேன்.

வாரம் ஒரு தடவை ஆன்டிவைரஸுக்கு அப்டேட் போட வேண்டும். அது போன் லைனில்தான் வரும். வந்துகொண்டிருக்கும்போது யாராவது ரிசீவரை எடுத்தால் அறுந்துபோகும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நைனா, ஞாயித்துக்கிழம போன் கிட்ட உக்காந்துக்கோ. பெட்டி வந்தாலும் நீயே பாத்துக்கோ," என்றாள் வீணா. ரிட்டையர் ஆனபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

31-8-2003

போன் முன்னறையில், கம்ப்யூட்டர் உள்ளறையில். நடுவில் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய லாத்தியும் பக்கத்தில் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். அப்டேட் எவ்வளவு வந்தது என்று திரையில் காட்டுகிற பச்சைக் கோடு பாதி வந்துவிட்டது. சின்னத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். அவள் தங்கை மரகதம் வாணியம்பாடியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேருக்கும் வாய் அரிக்கும். அப்டேட் ஓடுகிறது என்கிறேன். "ஓடட்டுமே, நானா புட்சிக்கினு கிறேன்?" என்கிறா—

7-9-2003

இன்றும் பாதியில் ரிசீவரை எடுத்துவிட்டாள்.

14-9-2003

ஒப்பந்தம் ஆகிவிட்டது. முதலில் மரகதம், பிறகு அப்டேட்.

மரகதம் வீட்டு மாடு, மாட்டுக்கு வந்த வைத்தியர், வைத்தியர் மகளுக்கு வந்த வரன், எல்லாம் முடிந்து வரன் வேண்டாம் என்று முடிவாகும்வரை காத்திருந்தேன். அப்புறம் லைனைப் போட்டோம். பச்சைக் கோடு கடைசிவரை போயிற்று. அறுபடவே இல்லை.

நடுவில் ஒரு பெட்டி வந்தது. என்னவோ கேட்டது. எல்லாம் படிக்க முடியவில்லை, ஆனால் கீழே இரண்டு பட்டன். வலது பக்கம் என் வார்த்தை. மவுஸை நகர்த்தி நகர்த்தி அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தி அமுக்கினேன். பெட்டி போய்விட்டது. ஒரு பேச்சு பேசவில்லை. கேட்டில் யாரும் இவ்வளவு மரியாதையாகத் திரும்பிப் போனதில்லை. திட்டிவிட்டுத்தான் போவார்கள்.

வீணா இந்த வாரம் எல்லா ஃபைலையும் நேரத்துக்கு அனுப்பினாள்.

28-9-2003

மெஷின் கர் கர் என்றது. நாகேஷ் போனில் சொன்னபடி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே தூசி மெத்தை மாதிரி. சைக்கிள் பம்பால் ஊதினேன். தூசியோடு எறும்பும் வந்தது, அரை பிஸ்கட்டும் வந்தது. பேத்தி நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, பிஸ்கட் எப்படி உள்ளே போயிற்று? சின்னத்தாயி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வீணா வேலை செய்யும்போது ஆசைப்பட்டு மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பது யார் என்று நான் எழுதப்போவதில்லை.

இப்போது சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

5-10-2003

இதை எப்படியும் எழுதிவிட வேண்டும்.

நேற்று ஆயுத பூஜை. கம்பெனியில் அன்றைக்குப் பெரிய மெஷினிலிருந்து என் லாத்திவரை பொட்டு வைப்போம். சோறு போடுகிற மெஷின் வீட்டிலேயே இருக்கும்போது வைக்காமல் விடலாமா? வீணா வேலையை முடித்து, ஃப்ளாப்பியில் ஒரு காப்பியும் எடுத்து வைத்துவிட்டாள். "இன்னொரு தடவ படிச்சிப் பாத்துட்டு ஆறு மணிக்குள்ள அனுப்பணும். அமெரிக்காக்காரனுக்கு ஆயுத பூஜை இல்ல. லைன் ஓடுது, அணைச்சிடாத நைனா," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள்.

நான் அணைக்கவில்லை. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மவுசுக்கு ஒரு பொட்டு. மேலே சாமந்திச் சரம். கடைசியில் எலுமிச்சம்பழம். மானிட்டர் மேல் வைத்தால் உருண்டது. கீபோர்டில் வலது பக்கம் ஒரு பெரிய பட்டன், பழம் உட்காருவதற்கென்றே செய்த மாதிரி. ஒரு அமுக்கு அமுக்கி வைத்தேன். உட்கார்ந்தது. கும்பிட்டுவிட்டு வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனேன்.

அந்தப் பட்டன்தான் யெஸ் சொல்கிற பட்டனாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்போதும் மவுசால் நோ மட்டும்தான் சொல்வேன்.

நான் தெருவில் பூசணிக்காய்க்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் எவனெவனோ வந்து கேட்டிருக்கிறான். பழம் எல்லாருக்கும் யெஸ் சொல்லியிருக்கிறது. கற்பூரத் தட்டோடு போன சின்னத்தாயிதான் முதலில் பார்த்தாள். திரை பூராவும் சீட்டுக்கட்டு விளம்பரம், அதற்கு மேல் அரைத்துணியில் பொம்பளைகள், ஒன்றை மூடினால் இரண்டு வருகிறது.

"பூஜை பண்றேன்னு உள்ள இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?" என்று கத்தினாள். நான் உள்ளே ஓடினேன்.

வீணா ஈரக்கையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

மவுஸ் நகரவில்லை. அணைத்துப் போட்டாலும் அதே பொம்பளைகள். ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி நெட் சென்டருக்கு ஓடினேன். ஷட்டரில் வாழைக்கன்று கட்டிப் பூட்டியிருந்தது. நாகேஷுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு ஆகாது தாத்தா. ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டேன். நாளைக்குத்தான் தொடணும். நீங்களே பூஜை பண்ணவரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் தொடமாட்டேன். சின்னத்தாயி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"தம்பி, ஸ்க்ரூடிரைவருக்குப் பொட்டு வெச்ச, சரி. வாய்க்கும் வெச்சிட்டியா?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"வெக்கல இல்ல? அப்ப வாயால சொல்லு. எம்பொண்ணு கை செய்யும்."

அவன் சொல்லச் சொல்ல இவள் முன்னறையிலிருந்து கத்தினாள், வீணா உள்ளறையில் செய்தாள். "எஃப் எட்டுன்னு ஒரு பட்டனாம். அமுக்கிக்கினே இருக்கணுமாம். உட்டுட்டியா? உடக்கூடாதாம்." எனக்குக் கொடுத்த வேலை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குத் தூரமாக நிற்பது. அதைச் சரியாகச் செய்தேன். வருஷக்கணக்காக மரகதத்தோடு பேசிய பழக்கம், சின்னத்தாயிக்குக் காதும் வலிக்கவில்லை, குரலும் இறங்கவில்லை. அன்றைக்கு உள்ளே வந்தவன் யார் யார் என்று தேதி பார்த்து வீணா ஒவ்வொருவனாக வெளியே தள்ளினாள். ஆன்டிவைரஸை ஓடவிட்டாள். பொம்பளைகள் போனார்கள். திரையில் எப்போதும் இருக்கிற பச்சைப் புல் மேட்டுப் படம் திரும்பி வந்தது.

இனி லைன் போட வேண்டும். போனை வைத்தோம். சின்னத்தாயி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சர்ச்சில் ஆறு மணி அடிக்க ஆரம்பிக்கும்போது ஃபைல் போய்க்கொண்டிருந்தது. மணி ஓய்ந்தபின்தான் போய்விட்டது என்று பெட்டி வந்தது. அது லேட்டா, இல்லையா? ஆபீஸ்தான் சொல்ல வேண்டும்.

வீணா எழுந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நைனா, இனிமே நீ மெஷின் கிட்ட வராத."

6-10-2003, திங்கள்

ஆபீசில் லேட் என்று எழுதவில்லையாம். ஆனால் வீட்டு வேலை நிரந்தரமா என்பதை மேடம் நேரில் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். வீணா இதைச் சின்னத்தாயியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

12-10-2003

ஞாயிறு. நாற்காலியை மடித்து வைத்துவிட்டேன்.

19-10-2003

உள்ளே வீணா "மா, போன வை" என்று கத்துகிற சத்தம் கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்து தினசரியில் தலைப்புகளைப் படித்தேன். எல்லாம் புரிந்தது. சந்தோஷம் இல்லை.

2-11-2003

நேற்று சுனிதா மேடம் வந்தார். சின்ன வயசுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து மெஷின் முன் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தார். நான் தூரமாகவே நின்றேன். மானிட்டர் ஓரத்தில் கொஞ்சம் சந்தனம் இன்னும் போகாமல் இருந்தது. அதை நகத்தால் தொட்டுப் பார்த்தார். வீணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"செப்டம்பர் பதினாலுலேர்ந்து வாராவாரம் ஞாயித்துக்கிழமை அப்டேட் ஆகியிருக்கு. எங்க ஆபீஸ்லயே இவ்ளோ ஒழுங்கா நடக்காது. ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லையே, ஏன்?"

குழந்தை அழும், போன் எடுபடும், லைன் அறும், இதையெல்லாம் வீணா எப்படிச் சொல்வாள்? சமையல்கட்டிலிருந்து சின்னத்தாயி குரல் வந்தது.

"வாட்ச்மேன இவ வேலைய விட்டு நிறுத்திட்டா, மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் பழக்கதோஷத்தில் சலாம் வைத்துவிட்டேன்.

"ஃபைல எல்லாம் வீணா மட்டும்தான் தொடணும். காவலுக்கு யார் உக்காந்தாலும் எனக்குக் கவலை இல்ல," என்றார். "திங்கக்கிழமை போன்ல கேப்பேன். அப்டேட் ஆகியிருந்தா வேலை இங்கயே. ஆகலன்னா வைட்ஃபீல்டு."

இன்று காலை வீணாவே நாற்காலியை விரித்துப் போட்டாள். காபியும் கொடுத்தாள். "பழம் கிழம் எதுவும் வெக்காத நைனா" என்று மட்டும் சொன்னாள்.

நான் வைக்கவில்லை. சின்னத்தாயி வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தோடு கொண்டுவந்து ரிசீவர் மேல், இரண்டு குமிழுக்கு நடுவில் உட்காரவைத்தாள். உருளவே இல்லை. "சாமி பழத்த நவுத்தி எவ போன எடுப்பா? நானே எடுக்கமாட்டேன்," என்றாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். இரண்டு தடவை பழத்தைப் பார்த்தாள். கை போகவில்லை. இதோ, இவ்வளவு நீளமாக எழுதி முடித்திருக்கிறேன், லைன் அறவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சைக் கோடு கடைசிவரை போய் நின்றிருக்கிறது. வீணா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாளைய ஃபைலை ஆரம்பித்துவிட்டாள்.

பழத்தை எடுத்துச் சின்னத்தாயி கையில் கொடுத்தேன். மரகதத்துக்குப் போன் போட்டுவிட்டாள். மாட்டு விஷயத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு அந்தப் பழம் மறுபடி ரிசீவரில் ஏறியதும் இந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுத உட்காருவேன்.